அய்னகுல் என்னும் பெயர்

நாரின் என்னும் ஊரில், மாமியார் வீட்டில் மணமகளுக்கென்று கட்டிய திரைச்சீலைக்குப் பின்னால், புதுப்பெண் பெகயிம் புத்தகத்தை மடியில் விரிக்கிறாள். பார்க்க வந்த தங்கை நூரிசா ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். தொலைக்காட்சியில் இருவரும் சேர்ந்து பார்த்த அதே கார்ட்டூன் கதை. கையில் புத்தகத்தோடே குதிரையேறும், எவர் முன்னும் வாயடங்காத அய்னகுல்தான் அதன் நாயகி. "அவள மாதிரி இருடி" என்று அக்காதான் ஓயாமல் சொல்வாள். சீலையில் வெயில் மஞ்சளாக விழுகிறது. அப்பால் மாமியார் மாவு பிசையும் சத்தம். "அந்தப் பொண்ணு குதிரைய நிறுத்தினா" என்று பெகயிம் தணிந்த குரலில் வாசிக்கிறாள்.

"அய்னகுல்னுதானேக்கா போட்டிருக்கு?"

"உஷ்! அத்தை பேரும் அதுதான்டி. மருமக வாயால சொல்லக் கூடாது."

"புத்தகத்துல கூடவா? கார்ட்டூன் அய்னகுல்னா சும்மா இருப்பாளா?"

பெகயிம் சிரிக்கப் பார்க்கிறாள். வெள்ளை முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.

"அப்போ பேரு வராத பக்கமாப் பார்த்து வாசி அக்கா."

"எல்லாப் பக்கத்துலயும் இருக்காளேடி."

படத்தின் மேல் அவள் விரல் நின்றுவிடுகிறது. நூரிசா புத்தகத்தைத் தன் மடிக்கு இழுக்கிறாள். அந்தப் பெயரைச் சொல்ல அவளுக்குத் தடையேதும் இல்லை. அக்காவின் முகத்தை ஒருமுறை பார்க்கிறாள். பிறகு, "அந்தப் பொண்ணு..." என்று அவளும் மெல்ல வாசிக்கத் தொடங்குகிறாள்.