தோற்றால் சுலபம்

இதை வலையில் போட்டால் போதும்.

முதல் சர்வீஸ் ஏற்கெனவே வெளியே போய்விட்டது. கடைசி செட், டைபிரேக்கர், ஐந்துக்கு ஆறு. இன்னொரு பிழை செய்தால் ஆட்டம் முடிந்தது. யாரும் சந்தேகப்படப் போவதில்லை. பதற்றத்தில் கை நடுங்கிவிட்டது என்பார்கள்.

அவள் பந்தைத் தரையில் தட்டினாள்.

மறுபடியும் தட்டினாள்.

கணக்கு காலையிலேயே தெரிந்துவிட்டது. நான்கு வருடமாகக் கல்லூரி டென்னிஸ் கோப்பையை விட்டுக்கொடுக்காத கோவை அணி, மழையில் ஊறிய களத்தில் ஒரு ஆட்டத்தைக் கோட்டைவிட்டுத் தன் பிரிவில் இரண்டாமிடத்துக்கு இறங்கியிருந்தது. இவர்களுடைய பிரிவில் முதலிடம் பிடிப்பவர்கள் நாளை அரையிறுதியில் கோவையோடு ஆட வேண்டும். இதில் தோற்று இரண்டாமிடம் பிடித்தால் எதிரே வருவது சாதாரண அணி. ஜெயித்துவிடலாம். அப்புறம் இறுதி ஆட்டம். இறுதிக்கு வரும் இரண்டு அணிகளும் டெல்லியில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போகும்.

திருநெல்வேலியிலிருந்து அவளுடைய கல்லூரி ஒருமுறைகூட அங்கே போனதில்லை.

அவளுக்கு இது கடைசி வருடம்.

ஒற்றையரில் அவள் வென்றாள். நஸ்ரின் தோற்றாள். மீதி இருப்பது இருவரும் சேர்ந்து ஆடும் இந்த இரட்டையர் மட்டும்.

சற்று முன் களத்தில் பக்கம் மாறும்போது, பயிற்சியாளர் எஸ்தர் மிஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"செண்பகம், ரொம்ப மெனக்கெடாத பிள்ளே. தோத்தாலும் நமக்கு ஒண்ணும் கொறஞ்சிராது."

அவள் தண்ணீரைக் குடித்தாள். மிஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பிள்ளைகளோடு ஒரு தடவையாவது டெல்லிக்கு ரயிலேற வேண்டும் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

வலைக்கருகே நஸ்ரின் குனிந்து நின்றாள். முதல் வருட மாணவி. இங்கே வந்து ஆடிய ஒற்றையர் எல்லாவற்றிலும் தோற்றிருந்தாள். போன பந்துக்காகப் பாய்ந்து விழுந்ததில் முட்டி சிராய்த்துவிட்டது. வெள்ளைச் சாக்ஸ் வரை ரத்தம் இறங்கியிருந்தது. துடைக்கவில்லை.

அவளிடம் யாரும் கணக்கைச் சொல்லவில்லை.

எதிரே காரைக்குடிப் பெண்கள். அவர்கள் நேற்றே அரையிறுதி வாய்ப்பை இழந்துவிட்டார்கள்; இது வெறும் கடைசி ஆட்டம். ஊருக்குப் போகப் பையெல்லாம் கட்டி வேலியோரம் வைத்தாயிற்று. ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

ஆனாலும் ஒரு பந்தைக்கூட அவர்கள் சும்மா விடவில்லை.

செண்பகம் பந்தை மேலே எறிந்தாள்.

இரண்டாவது சர்வீஸை எல்லோரும் கவனமாக, மெதுவாகத்தான் போடுவார்கள். அவள் ஓங்கி அடித்தாள்.

பந்து கோட்டின் மூலையில் பட்டு விலகி ஓடியது. காரைக்குடிப் பெண்ணின் மட்டை வெறும் காற்றைத்தான் அடித்தது.

ஆறுக்கு ஆறு.

அடுத்த சர்வீஸும் திரும்பி வரவில்லை. அதற்கடுத்த பந்தை நஸ்ரின் வலையருகே குறுக்கே பாய்ந்து, எதிரிகள் இருவருக்கும் நடுவில் அடித்து முடித்தாள். எட்டுக்கு ஆறு, ஆட்டம் இவர்களுக்கு. அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எஸ்தர் மிஸ் கைதட்டினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நாளைக்கு யார்கூட ஆடணும்னு தெரியும்லா?"

"தெரியும் மிஸ்."

மிஸ் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

குழாயடியில் நஸ்ரின் முட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, அந்த சர்வீஸ நீங்க வேணும்னே விட்டிருவியளோன்னு பயந்துட்டேன்."

"நான் எதுக்கு விடணும்?"

"கோவை கணக்கு எனக்கும் தெரியும்க்கா."

செண்பகம் அவளையே பார்த்தாள்.

"தெரிஞ்சுமா ஏட்டி இப்பிடி விழுந்து பொரண்ட?"

"நான் ஜெயிச்சு எம்புட்டு நாளாச்சு!"

காயத்தின் எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டே அவள் சிரித்தாள். செண்பகம் குனிந்து அந்தக் காலைக் குழாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மிஸ்ஸும் அவர்களும் சீக்கிரமே மைதானத்துக்கு வந்தார்கள்.

கோவை அணி எப்போதும் கடைசி நேரத்தில்தான் வரும். வண்டியிலிருந்து இறங்கி, நேரே களத்துக்குப் போய், ஜெயித்துவிட்டுப் போகும்.

இன்று வேலிக்கு வெளியிலேயே பந்துச் சத்தம் கேட்டது.

உள்ளே கோவைப் பெண்கள். எல்லோருடைய சட்டையும் வியர்வையில் நனைந்திருந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் சர்வீஸ் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய ஆட்டக்காரராக இருந்தவர். ஆனால் பந்துகள் தாறுமாறாகப் போயின. ஒன்று வலையில் விழுந்தது. ஒன்று வேலியில் மோதியது. பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. நின்ற இடத்தை மாற்றி, அடுத்ததற்குக் காத்திருந்தார்கள்.

நஸ்ரின்தான் முதலில் கவனித்தாள்.

"மிஸ், அந்த சார் வலக்கைதான? நேத்து பாத்தேன். இப்ப எதுக்கு எடக்கையால போடுதாரு? இங்க நம்ம அக்காவ விட்டா எடக்கைக்காரி யாருமே இல்லியே..."

சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

எஸ்தர் மிஸ் வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். இன்னொரு பந்து வலையில் விழுவதைப் பார்த்தார்.

பிறகு திரும்பி வந்து, செண்பகத்தின் இடது தோளில் தொங்கிய பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அந்தக் கையால எதையும் தூக்காத பிள்ளே."