எண்டர் வேண்டாம்

“எண்டர் வேண்டாம் டீச்சர். அது மட்டும் இல்லாம எப்படியாவது பண்ணிக் குடுங்க!”

ஆசிரியைக்குப் பொறுமை கைநழுவிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் வகுப்பில் மற்றவர்களெல்லாம் அடுத்த பாடத்துக்குத் தாவியாயிற்று. நரைத்த தலையும் சட்டையெல்லாம் நூல் பிசிறுமாக இந்த டெய்லர் மட்டும், ஓர் எழுத்தை உள்ளே வாங்கும் பாடத்தை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தார்.

“எத்தனை தடவை சொல்றது சார்? எழுத்தைத் தட்டிட்டு எண்டரையும் தட்டினாத்தான் அது புரோகிராமுக்குப் போய்ச் சேரும். ‘கெட்சார்’ங்கிற கட்டளையே அப்படித்தான்.”

“ஒரு தட்டு தட்டுறதே அவளுக்குப் பெரும்பாடு. இதுல எண்டரை வேற தேடச் சொன்னா எங்கே போவா?”

“யாரு?”

“என் மக.”

ஆசிரியையின் குரல் இறங்கியது. இந்த வயதில் கைக்குழந்தையா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். காலம் தப்பிப் பிறந்த செல்லமாக இருக்கும்.

“சரி, புரோகிராம் என்ன பண்ணணும்?”

“திரையில எழுத்து ஒவ்வொண்ணா பெருசா வந்துக்கிட்டே இருக்கணும். வேணுங்கிற எழுத்து வர்றப்போ அவ ஏதோ ஒரு பட்டனைத் தட்டுவா. தட்டினதும் அந்த எழுத்து கீழே வரிசையில போய் நிக்கணும்.”

“ஓ, எழுத்து விளையாட்டா! கடையில படம் போட்ட புத்தகம் கிடைக்குமே, வாங்கிக் குடுங்களேன்.”

“அதுல நாம சொல்றதுதான் அவளுக்குப் போகும். அவ சொல்றது வெளியே வராதே டீச்சர்.”

“இன்னும் பேச்சு வரலையா?”

“வரலை. ஆனா நாம பேசுறது எல்லாம் புரியுது. ஊட்டறப்போ கொஞ்சம் சூடா இருந்தாப் போதும், ஒரு முறைப்பு முறைப்பா பாருங்க!” சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ஆசிரியைக்கு மனசு இளகியது. “கவலைப்படாதீங்க சார். சிலது லேட்டாத்தான் பேசும். ஆரம்பிச்சுதுன்னா அப்புறம் வாயை மூடவே மூடாது.”

“உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் டீச்சர்.”

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “‘கெட்சாரை’ விடுங்க. ‘கெட்ச்’னு இன்னொரு கட்டளை இருக்கு. பட்டனைத் தட்டினதுமே வாங்கிக்கும், எண்டருக்காகக் காத்திருக்காது. தள்ளுங்க, நானே எழுதித் தர்றேன்.”

“வேண்டாம் டீச்சர். நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன். வீட்டுல மக்கர் பண்ணினா நான்தானே பார்க்கணும்?”

அவள் சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார். அடித்ததில் பாதியை அழித்து மறுபடி அடித்தார். வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் இருவரும் எழவில்லை. கடைசியில் அவள் ஏதோ ஒரு பட்டனைத் தட்ட, எழுத்து ஒன்று சமர்த்தாகக் கீழே போய் நின்றது. டெய்லர் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்பே மாடிப்படியில் தடதடவென்று ஓடி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“தட்டிட்டா டீச்சர்! என் மக தட்டிட்டா!”

“நிஜமாவா! என்ன தட்டினா? ‘அப்பா’ன்னுதானே?”

“‘அப்பா’ங்கிற வார்த்தை கடைசியிலதான் வந்துது. ‘நிறுத்த வழி வைக்கலையே அப்பா’ன்னு தட்டினா!”

ஆசிரியை திகைத்துப்போனாள். உண்மைதான். ஓட ஆரம்பித்தால் அந்தப் புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை முடிக்க ஒரு வழி வைக்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றவில்லை.

“எனக்கே தெரியாத தப்பு சார் இது. பேச்சே வராத குழந்தைக்கு எப்படி...?”

“குழந்தையா?” டெய்லர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். “உங்களுக்கு முன்னாடி இதே வகுப்புக்குப் பாடம் எடுத்தவ டீச்சர் அவ. வண்டி மோதிப் படுக்கையில விழுந்த பிறகு, நேத்துதான் முதல் வார்த்தை பேசியிருக்கா.”