மூலத்தில் இல்லாத வரி

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருஷம். அரியலூர் கடைத்தெரு அச்சகத்தில் பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருக்கிறது. தான் மொழிபெயர்த்த நூலின் இரண்டாம் பாகத்தைச் சிங்காரவேலு வாத்தியார் பிழை திருத்திக்கொண்டிருக்கிறார். உலகைக் கவிழ்க்க யூதர்கள் ரகசியமாகத் திட்டம் போட்டதாகச் சொல்லும் நூல் அது. அது யாரோ கட்டிவிட்ட பொய் என்று காலையில்தான் ஒரு பத்திரிகையில் படித்தார். அதே பக்கத்தில், போரின்போது முகாமில் அடைத்துக் கொல்லப்பட்ட யூதர்களின் செருப்புகள் குவிந்து கிடக்கும் படமும் இருந்தது. இப்போது அவர் பேனா ஒரு வரியில் நிற்கிறது. அந்த வரி ஆங்கில மூலத்தில் இல்லை. படிப்பவர்களுக்கு உறைக்கட்டும் என்று அவரே சேர்த்தது.

“பிழையா சார்?” என்கிறார் அச்சக முதலாளி நாகலிங்கம், விரல் மையைத் துடைத்தபடி.

“மொத்தமும் பொய்யிங்க. அச்சடிக்க வேணாம்.”

“பொய்யா? உங்க தமிழ்ல படிச்சா கண்ணால பாத்த மாதிரியில்ல இருக்கு! அதுவுமில்லாம, நம்மூர்ல ஒரு யூதன்கூடக் கெடையாது. யாருக்கு என்ன வந்துடப் போவுது?”

“இருந்தா, ‘நாங்க அப்படி இல்லீங்க’ன்னு வந்து சொல்லுவான். இங்க யாரு வந்து சொல்லுவா?”

வாத்தியார் எழுந்துபோய், கோத்து வைத்திருக்கும் ஈய எழுத்துகளைச் சுற்றிக் கட்டிய நூலை அவிழ்க்கிறார். பக்கம் மெல்லச் சரிகிறது. நாகலிங்கம் தடுக்கவில்லை, எழுத்துகளைப் போட்டுவைக்கும் பெட்டியை அவர் பக்கம் நகர்த்துகிறார்.

“மொதப் பாகம் போன மாசமே வித்துப்போச்சுங்களே சார்,” என்கிறார் தணிந்த குரலில்.

ஈய எழுத்தைப் பிடித்த வாத்தியாரின் கை பெட்டிக்கு மேல் அப்படியே நிற்கிறது.