குடிநீர்ப் பிரிவு

கவிஞர் நெடுமருதனின் வலைப்பூவுக்குத் தவறாமல் வருகிற ஒரே வாசகர் நெடுமருதன்தான். மற்றவர்களையும் இழுக்க, வலைப்பூவை நகராட்சித் தளத்தோடு இணைத்து, ஒவ்வொரு கவிதைக்கும் கீழே அதே பிரிவைச் சேர்ந்த ஊரார் பதிவுகளும் வரும்படி செய்தார். எது எந்தப் பிரிவு என்பதை, ஊரார் புகார்களைப் படித்து நடவடிக்கை எடுக்கும் நகராட்சிக் கணினி இயந்திரம் தீர்மானித்தது.

‘நீ வராத நாட்கள்’ என்ற அவருடைய காதல் கவிதையை அது குடிநீர்ப் பிரிவில் போட்டது. அதற்குக் கீழே, ‘எங்கள் வீட்டிலும் வரவில்லை’, ‘வந்தாலும் கலங்கலாக வருகிறது’ என்று பதிவுகள் வந்து நின்றன. இத்தனை புகார்களைப் பார்த்த இயந்திரம் மறுநாளே தெருவுக்குத் தண்ணீர் விட்டது.

“கல்யாணமான நாள்லேருந்து எழுதுறீங்க. இன்னைக்குத்தான் உபயோகமா ஒண்ணு எழுதியிருக்கீங்க,” என்றாள் மனைவி சுகுணா.

கவிஞருக்குப் பொறுக்கவில்லை. மேல்முறையீடு செய்து கவிதையைக் காதல் பிரிவுக்கு மாற்றினார். புகார் வாபஸ் என்று எடுத்துக்கொண்ட இயந்திரம் தண்ணீரை நிறுத்தியது. காலையில் தெருவே குடத்தோடு அவர் வாசலில் நின்றது.

“உங்க காதலை அப்புறம் பாத்துக்கலாம் சார். பிள்ளைங்க குளிச்சிட்டு ஸ்கூலுக்குப் போகணும்,” என்றாள் எதிர்வீட்டு ரெஜினா.

அவர் பழைய பிரிவுக்கே மாற்றினார். தண்ணீர் வந்ததும் ரெஜினா மறுபடி வந்தாள்.

“கவிதையைப் படிச்சேன் சார். ‘உன் ஓசைக்காக விடியும்வரை விழித்திருந்தேன்’னு எழுதியிருக்கீங்களே. எங்க நிலைமையை நேர்ல பாத்த மாதிரியே இருக்கு.”

அது யாரை நினைத்து எழுதியது என்று சொல்ல வாயெடுத்தார். உள்ளே சுகுணா துணி துவைக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

“குழாயை நினைச்சுத்தான்ம்மா எழுதினேன்,” என்றார் கவிஞர்.