ஒரு பிள்ளை உண்டு

பங்கஜாட்சி டின்னைக் காலால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

குனிந்து இரண்டு கையாலும் அசைத்தாள். பழைய மண்ணெண்ணெய் டின். அடித்தகரம் துருவேறி உதிர்ந்திருந்தது. உள்ளே நின்ற தென்னங்கன்றின் வேர் அந்த ஓட்டை வழியாக அவளுடைய மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

நிமிர்ந்து சாய்ப்பைப் பார்த்துக் கத்தினாள்.

"எலே வேலாயுதா! இங்கோட்டு வா!"

வீட்டின் பின்பக்கச் சாய்ப்பை வேலாயுதனுக்கு வாடகைக்கு விடும்போது அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மண்ணில் எதையும் நடக்கூடாது. ஒரு மூடு மரச்சீனிக் கிழங்குகூடக் கூடாது.

பட்டவள் அவள். கிழக்கே ஒரு குடும்பம் குடிசை போட்டுக்கொள்ள அவள் கணவர் இரக்கப்பட்டு இடம் கொடுத்தார். கிடக்கிற மண் கிடக்கிறவனுக்கே என்று புதுச் சட்டம் வந்தது. குடிகிடப்புக்காரர் என்று சொல்லி, பத்து சென்ட் அவர்கள் பேருக்கே போய்விட்டது. இப்போது நடுவில் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நட்ட பலா காய்க்கிறது. மிச்ச பூமியையாவது பார்த்துக்கொள் அம்மா என்று சொல்லிவிட்டுத்தான் மகன் துபாய்க்குப் போனான்.

மிச்சம் என்றால் வீடு, பின்னால் இந்தச் சாய்ப்பு, தெற்கு மூலையில் ஒரு தென்னை. கணவரைப் புதைத்த இடத்தில், எல்லா வீட்டிலும் செய்வதுபோல, மகன் கையால் வைத்த தென்னை. அதன் காயை மட்டும் அவள் விற்பதில்லை.

வேலாயுதன் இரணியலில் கொப்பரை வியாபாரம் செய்து நொடித்தவன். கொடுக்க ஒன்றுமில்லை என்று கோர்ட்டில் ஐ.பி. கொடுத்து, வீடும் விளைநிலமும் ஏலத்தில் போய், யார் முகத்திலும் விழிக்க முடியாமல் பெண்டாட்டியோடு ஸ்டேட் தாண்டி வந்தவன். பாறசாலையிலிருந்து பெருங்கடவிளை வரைக்கும் வீடு வீடாகக் கேட்டிருக்கிறான். சட்டத்துக்குப் பயந்து வீட்டைப் பூட்டிப்போட்டு வௌவாலுக்கு விட்டாலும் விடுவார்களே தவிர, முன்பின் தெரியாத ஆளுக்கு யார் தருவார்கள்? பங்கஜாட்சி தந்தாள். நொடித்ததை ஒளிக்காமல் சொன்னானே, அதற்காக.

அன்றைக்கே அவளை ஒரு தடவை பதறவும் வைத்தான். கிடக்க ஒரு இடம் போதும் மாமி என்றான். கிடப்பும் கிடத்தமும் இந்த முற்றத்தில் பேசக்கூடாது, வாடகைக்கு என்று சொல் என்று திருத்தினாள். பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள்.

ஒரு பிள்ளை உண்டு என்றான்.

சாமான் வண்டியில் பிள்ளையைக் காணோம். அவன் பெண்டாட்டி சரோஜம் மடியில் இந்த டின்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தென்னந்தையைப் பிள்ளைக் கணக்கில் சேர்க்கிற ஆட்களாக்கும் என்று பங்கஜாட்சி கிணற்றடியில் சொல்லிச் சிரித்தாள். லாரி லாரியாகக் கொப்பரை ஏற்றினவனுக்கு மிஞ்சியது ஒரு தை என்று அங்கே நின்றவர்களும் சிரித்தார்கள். சரோஜமும் சிரிப்புக்கு வழி வைத்தாள். மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை விட்டுவிட்டு டின்னைத்தான் உள்ளே தூக்குவாள். இப்போது கொஞ்ச காலமாகத் தூக்குவதில்லை. தை வளர்ந்து கனம் கூடிவிட்டது.

வேலாயுதன் ஓடி வந்தான். வேரைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

"ஒண்ணுகில் இத வெட்டி எடு. இல்லங்கி வீட்டை ஒழிஞ்சு குடு."

இடுப்பில் செருகியிருந்த வெட்டுக்கத்தியை உருவினாள். அதை அவன் முன்னால் போட்டாள். அவன் தொடவில்லை.

"வேரு அறாம தோண்டி எடுத்துக்கிடுதேன் மாமி. நாளைக்கே ஒழிஞ்சு தாறோம்."

பங்கஜாட்சிக்கு ஒன்றும் புரியவில்லை. போக்கிடம் இல்லாதவன். இந்தப் பக்கத்தில் இன்னொரு கதவு அவனுக்குத் திறக்காது என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒரு தைக்காகவா பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்குவான்? சந்தையில் இதைவிட நல்ல தை கிடைக்கும், நானே வாங்கித் தருகிறேன், வேறு டின்னில் வைத்துக்கொள் என்றுகூடச் சொன்னாள்.

வந்த நாளிலிருந்து அவளிடம் வாய் திறக்காத சரோஜம் சாய்ப்பிலிருந்து இறங்கி வந்தாள். டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓலையில் ஒட்டியிருந்த அடுப்புச் சாம்பலை விரலால் துடைத்தாள்.

"இது அங்க எங்க வீட்டுல தெக்கு மூலையில நின்னதாக்கும் மாமி. ஏலம் எடுத்தவரு பறிச்சு எறியச் சொன்னாரு. அடியில கிடக்கவள கூட்டிட்டு வர முடியாதுல்லா. இத மட்டும் எடுத்தோம்."

கிடக்க என்ற சொல்லைப் பங்கஜாட்சி இந்தத் தடவை திருத்தவில்லை.

தன்னுடைய தெற்கு மூலையைத் திரும்பிப் பார்த்தாள். கிணற்றடியில் சிரித்த சிரிப்பு இப்போது நெஞ்சில் வந்து குத்தியது.

கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கிழக்கு வேலிப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு கால் விரலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, வெளியே தெரிந்த வேரை மூடினாள்.

"பிள்ளைக்க பேரு என்ன மக்கா?"