மதகுக் காவலரின் பக்கம்

“வாத்தியார் நம்ம தெருவுக்குள்ள நுழைஞ்சிட்டார்” என்றார் கணவர், ஜன்னலை விட்டு நகராமல்.

தையல் மெஷினில் அவள் கால் நின்றது.

“கதவைச் சாத்துங்க. வீட்டுல யாரும் இல்லைன்னு இருப்போம்.”

“உன் மெஷின் சத்தம்தான் தெரு முனை வரைக்கும் கேட்டிருக்குமே!”

ஒரு காலத்தில் இந்த ஊரில் பாடம் நடத்தியவர் வாத்தியார். பிறகு மிஷனரியாகக் கடல் கடந்து போனார். முப்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து, இப்போது ஊர் வரலாறு எழுதுகிறார். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன், சம்பந்தப்பட்டவர்கள் வீட்டுக்கே போய்ப் படித்துக் காட்டிவிடுவார்.

“மளிகைக்கடைக்காரர் தாத்தா எடைக்கல்லைத் தேய்ச்ச கதையை, அவங்க வீட்டுலயே உக்காந்து படிச்சாராம். அவங்க கொடுத்த காபியைக் குடிச்சுக்கிட்டே!” என்றார் கணவர்.

“அப்போ எங்கப்பாவை மட்டும் விடுவாரா?”

அவளுடைய அப்பா ஏரி மதகின் காவலர். முப்பது வருடத்துக்கும் முன், வெள்ளம் வந்த ஒரு விடியற்காலையில் மதகு திறக்கப்படவில்லை. கரை உடைந்து பதினோரு பேர் போனார்கள். குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார் என்றது ஊர். அந்தப் பேச்சோடே அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஊர் இப்போதுதான் அதை மறக்க ஆரம்பித்திருந்தது. போன வாரம் அவள் மகளுக்கு அதே மதகில் வேலை கிடைத்திருந்தது.

“புஸ்தகம் வரட்டும். ‘அந்த வீட்டுப் பொண்ணா மதகுல கை வைக்கிறது’ன்னு கிளம்பிடுவாங்க” என்றாள்.

கதவு தட்டப்பட்டது.

“உள்ளே வரலாமாம்மா?”

நாற்காலியைக் காட்டியும் வாத்தியார் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“சார், செத்தவரை மறுபடியும் சாகடிக்காதீங்க. எம்பொண்ணு வேலை போயிடும்.”

“படிச்சிடறேம்மா.”

படித்தார்.

“மேல் அணையில் தண்ணீர் திறந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போன் வரும். ஊரில் இருந்தது அந்த ஒரு போன்தான். அங்கேயே தங்கியிருந்த ஆசிரியர் ஓடிப்போய் மதகுக் காவலரிடம் சொல்ல வேண்டும். அன்று விடியற்காலையும் போன் அடித்தது…”

வாத்தியார் படிப்பதை நிறுத்தினார்.

“அடிச்சதா?” அவள் எழுந்துவிட்டாள். “யாரும் வந்து சொல்லலைன்னு அப்பா சாகற வரைக்கும் கத்தினாரே! ஒருத்தரும் நம்பலையே சார்!”

“மூணு தடவை அடிச்சதும்மா. நான் முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன். ஜெபத்துல பாதியில எழுந்திரிக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்?” என்றார் கணவர்.

வாத்தியார் தாளை மடித்துத் தையல் மெஷின் மேல் வைத்தார்.

“உண்மையே பேசுங்கன்னு கடல் தாண்டிப் போய் முப்பது வருஷம் பிரசங்கம் பண்ணினேன். இந்த வாசப்படியைத் தாண்டத்தான் பயமா இருந்தது.”