மல்லாந்து பார்த்த ஆமை

செங்குத்தான காட்டுப் பாதையில் ஆமையும் நண்டும் மூன்று நாள் ஏறி, யாரும் போகாத செம்மரத் தோப்பை அடைந்தன. மரங்கள் வானத்தை முட்டின. ஆமையால் கழுத்தை அவ்வளவு தூக்க முடியவில்லை.

“எனக்கு அடிமரம் மட்டும்தான் தெரியுது. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?” என்று கண்கலங்கியது.

நண்டுக்கு மனசு கேட்கவில்லை. முழு பலத்தையும் கூட்டி ஆமையை மல்லாக்கப் புரட்டிவிட்டது.

உச்சிக் கிளைகளைக் கண்டு ஆமை பூரித்த நேரத்தில், அதன் ஓடு சரிவில் வழுக்கியது. வந்த வழியெல்லாம் மல்லாந்தபடியே சறுக்கி, அடிவாரக் குளத்தில் தொப்பென்று விழுந்தது.

“என்ன ஆமையண்ணே, மரமெல்லாம் எப்படி இருந்துச்சு?” என்று தவளை கேட்டது.

“நல்ல உயரம்தான்,” என்றது ஆமை, மூச்சு வாங்கியபடி. “ஆனா ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. எல்லாம் மலை மேல ஓடிக்கிட்டே இருக்கு.”